மிக நீளமான உரையை டேட்டாபேஸில் எந்த வகையில் சேமிப்பது? ஒரு முழுமையான வழிகாட்டி

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் புதிய டேபிள் ஒன்றை வடிவமைக்கும்போது தலைப்புக்கு வார்கேர் 255 (255 எழுத்து எல்லை வைத்த உரை வகை), உள்ளடக்கத்துக்கு டெக்ஸ்ட் (நாம் எல்லை குறிப்பிடாத உரை வகை) என்று கை தானாகவே தட்டிவிடும். தலைப்பைப் பொறுத்தவரை பெரிய பாதகம் இல்லை. உள்ளடக்கத்துக்கு அப்படிச் செய்தால், ஆறு மாதம் கழித்து ஒருவர் பெரிய கட்டுரை ஒன்றை ஏற்றி, அதன் கடைசிப் பகுதி காணாமல் போகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

எந்த வகை எவ்வளவு கொள்ளும் என்ற அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இதில் வழக்கமான தவறு. கொள்ளளவு பாதிக் கதைதான். உரை வட்டில் எங்கே உட்காரும், எப்படித் தேடப்படும், அளவு மீறினால் யார் வெட்டுவார்கள், பின்னால் மாற்ற என்ன செலவு என்பவை மீதிக் கதை. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

கையில் பழைய தரவு இருந்தால் ஊகிக்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் 'லென்த்' என்பது பைட் கணக்கைத் தரும், 'கேர் லென்த்' எழுத்துக் கணக்கைத் தரும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் நேர்மாறு: அங்கே 'லென்த்' எழுத்துக் கணக்கு, பைட் வேண்டுமென்றால் 'ஆக்டெட் லென்த்'. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் பைட்டுக்கு 'டேட்டாலென்த்' பயன்படுத்துங்கள். அங்குள்ள 'லென்' கடைசியில் இருக்கும் வெற்று இடங்களை எண்ணாது.

சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே சராசரிக்கு மதிப்பே இல்லை. அதிகபட்ச அளவு, நூற்றில் தொண்ணூற்றொன்பது பதிவுகள் அடங்கும் அளவு, இந்த இரண்டும் போதும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், மேலே நிற்கும் அந்தச் சில பதிவுகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அவை நீளமான எழுத்தாக இருக்காது. எடிட்டரில் ஒட்டிய படம், கோப்பை எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 வடிவில் உரைக்குள்ளேயே புகுந்திருக்கும். பேஸ்64 எந்தக் கோப்பையும் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 3 எம்பி படம் 4 எம்பி உரையாகிவிடும். அதற்காக நெடுவரிசையைப் பெரிதாக்குவதை விட, படத்தைத் தனியே ஏற்றும்படி எடிட்டரைச் சரிசெய்வதே நல்லது.

படி 2: எழுத்து வேறு, பைட் வேறு

தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் இடறிவிடும் இடம் இதுதான்.

எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ்க் குறி (யூனிகோடு தனி எண் கொடுத்திருக்கும் ஒவ்வோர் உருவும்) ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதோடு, நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது கணினிக்கு இரண்டு குறிகளாக இருக்கலாம். 'மொழி' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடுக்கு நான்கு குறிகள்: ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. ஆக 12 பைட். இதிலும் ஒரு குட்டிச் சிக்கல் உண்டு. அந்த ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்து வைத்தால் 15 பைட், தேடலிலும் இரண்டும் பொருந்தாமல் போகும். சேமிக்கும் முன் உரையை என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது மைஎஸ்க்யூஎல்லின் டெக்ஸ்ட் வகைக்கு வருவோம். அதன் கொள்ளளவு 65,535 பைட். ஆங்கிலத்தில் அது 65,535 எழுத்து, ஒரு சிறு புத்தகத்தின் சில அத்தியாயங்கள் தாராளமாக அடங்கும். தமிழில் 21,845 குறிகள்தான். ஒரு சொல்லுக்கு 8 குறிகளும் ஓர் இடைவெளியும் என்று வைத்துக்கொண்டால் 25 பைட். சுமார் 2,600 சொற்களில் இடம் தீர்ந்துவிடும். சற்று நீளமான ஒரு கட்டுரை, அவ்வளவுதான். எச்டிஎம்எல் குறிச்சொற்களும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தில் சேமிப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரல்மொழிகளான பைத்தானும் பிஎச்பியும் வேறெதுவும் சொல்லாவிட்டால் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் சாய்கோடு, 'யூ', நான்கு இலக்கம் என்று மாற்றி எழுதும். 3 பைட்டில் முடிவது 6 பைட்டாகிவிடும். இரண்டிலும் இதை நிறுத்த ஒரு தெரிவு இருக்கிறது. அதை மாற்றினாலே உரையின் அளவு பாதியாகும்.

படி 3: அளவு மீறினால் யார் வெட்டுகிறார்கள்?

கொள்ளளவை விடப் பெரிய உரை வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: டேட்டாபேஸ் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும், அல்லது சத்தமில்லாமல் வாலை நறுக்கிவிட்டு 'சரி, சேமித்தாயிற்று' என்று சொல்லும். முதலாவது தொல்லை. இரண்டாவது ஆபத்து.

மைஎஸ்க்யூஎல்லில் கண்டிப்பு முறை 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அது இருந்தால் பிழை வரும். ஆனால் பழைய செயலிகள் பல, இணைப்பைத் திறந்ததும் அந்த முறையை அணைத்துவிடும். அப்படி அணைத்திருந்தால் நறுக்கல்தான். ஓர் எச்சரிக்கை மட்டும் பின்னால் நிற்கும், அதை யாரும் படிப்பதில்லை. எனவே சர்வரின் அமைப்பைப் பார்த்தால் போதாது, உங்கள் செயலி திறக்கும் இணைப்பில் எந்த முறை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வால் போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கட்டுரையாக இருந்தால் கடைசிப் பத்தி போகும். ஜேசானாக இருந்தால் மூடும் அடைப்பு போய், முழுவதுமே படிக்க முடியாததாகும். இன்னும் மோசமாகவும் ஆகலாம். 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதில் கருத்துகள் டெக்ஸ்ட் வகையில் சேமிக்கப்படுகின்றன. 64 கேபிக்கு மேல் ஒரு கருத்தை அனுப்பினால், தீய நிரலை நீக்கும் சுத்திகரிப்பு முடிந்த பிறகு டேட்டாபேஸ் அதை நறுக்கும். நறுக்கியதில் எச்டிஎம்எல் குறிச்சொல் பாதியில் நின்று, தீய நிரல் பக்கத்தில் இயங்க வழி கிடைக்கும். 4.2.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. நெடுவரிசை வகை பாதுகாப்புக்கும் சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே உரையின் அதிகபட்ச அளவை நீங்களே தீர்மானித்து, செயலியில் சரிபார்த்து, பயனருக்குப் புரியும்படி சொல்லுங்கள். டேட்டாபேஸின் எல்லை அதற்கும் மேலே, யாரும் தொடாத உயரத்தில் இருக்கட்டும்.

படி 4: உங்கள் டேட்டாபேஸுக்கு ஏற்ற வகை

*மைஎஸ்க்யூஎல், மரியாடிபி.* இங்கேதான் தெரிவு அதிகம், குழப்பமும் அதிகம். டைனிடெக்ஸ்ட் 255 பைட், டெக்ஸ்ட் 64 கேபி, மீடியம்டெக்ஸ்ட் 16 எம்பி, லாங்டெக்ஸ்ட் 4 ஜிபி. இவற்றுக்கிடையே வட்டில் உள்ள வித்தியாசம், நீளத்தைக் குறிக்க முன்னால் வைக்கும் 1, 2, 3, 4 பைட்டுகள் மட்டும்தான். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று டெக்ஸ்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு பதிவுக்கு மிச்சப்படுத்துவது ஒரே ஒரு பைட். கட்டுரை, மின்னஞ்சல், ஆவணம் எதுவானாலும் மீடியம்டெக்ஸ்ட் வைத்துவிடுங்கள் என்பது என் பரிந்துரை. வேர்ட்பிரஸ் பதிவுகளின் உள்ளடக்கத்துக்கு லாங்டெக்ஸ்ட் வைத்திருக்கிறது; அதுவும் தவறில்லை. டைனிடெக்ஸ்டை மறந்துவிடலாம்.

வார்கேரையே பெரிதாக வைத்தால் என்ன? ஒரு பதிவின் எல்லா நெடுவரிசைகளும் சேர்ந்து 65,535 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் எழுத்துக்கு 4 பைட் என்றே அது கணக்கிடும். ஆக வார்கேர் 16,383க்கு மேல் போகாது, அதையும் ஒரு டேபிளில் ஒரே ஒரு முறைதான் வைக்க முடியும். டெக்ஸ்ட் வகைகள் இந்தக் கணக்கில் 9 முதல் 12 பைட் மட்டுமே எடுக்கும். சில நூறு எழுத்துக்குள் நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு வார்கேர், மற்றவற்றுக்கு டெக்ஸ்ட் குடும்பம். அப்புறம் அந்த 255 என்ற எண்: 5.0.3க்கு முந்தைய பதிப்புகளில் வார்கேர் அதற்கு மேல் போகாது. அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

குறியாக்கத்தையும் பார்த்துவிடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்று பெயர் வைத்த பழைய வகை 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழ் அதில் அடங்கும், ஒரு ஈமோஜி வந்தால் உடையும். 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4 இயல்பாக வருகிறது.

*போஸ்ட்கிரெஸ்.* இங்கே நிம்மதி. டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டுப் போகலாம். ஒரு மதிப்பு 1 ஜிபி வரை போகும். வார்கேருக்கும் டெக்ஸ்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. வார்கேரில் நீளச் சோதனை கூடுதலாக நடக்கும், அவ்வளவே. அளவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் டெக்ஸ்ட் வைத்து, மேலே ஒரு செக் நிபந்தனை (மீறும் பதிவை டேட்டாபேஸே மறுக்கும் விதி) போடுங்கள். நாளைக்கு எல்லையை மாற்ற நிபந்தனையை மாற்றினால் போதும். நீளம் குறிப்பிடும் கேர் வகையை மட்டும் தொடாதீர்கள், மீதி இடத்தை வெற்று இடத்தால் நிரப்பும்.

*எஸ்க்யூஎல் சர்வர்.* என்வார்கேர் மேக்ஸ், 2 ஜிபி வரை. பழைய டெக்ஸ்ட், என்டெக்ஸ்ட் வகைகளை இனி பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் 2005 பதிப்பிலிருந்தே சொல்லிவருகிறது. என்வார்கேர் யூடிஎஃப்-16 என்பதால் தமிழ்க் குறிக்கு 2 பைட்தான், யூடிஎஃப்-8ஐ விடக் குறைவு. 'என்' இல்லாத வார்கேரில் தமிழை ஏற்றினால் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷனை (குறியாக்கத்தையும் ஒப்பீட்டு விதியையும் தீர்மானிக்கும் அமைப்பு) வைத்தால்தான் தப்பும். வினவலில் நேரடியாகத் தமிழ் எழுதும்போது மேற்கோளுக்கு முன் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தைப் போடாமல் விட்டாலும் இதே கதி.

*ஆரக்கிள்.* வார்கேர்2 இயல்பாக 4,000 பைட். 12சி முதல், ஓர் அமைப்பை மாற்றினால் 32,767 பைட். அதற்கு மேல் கிளாப் என்ற பெரிய உரை வகை. அது டெராபைட் கணக்கில் கொள்ளும். ஆனால் கிளாப் மேல் நேரடியாக வரிசைப்படுத்தவோ தொகுக்கவோ முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வார்கேர்2 வைக்கும்போது நீளம் பைட்டிலா எழுத்திலா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் பைட் என்றே எடுத்துக்கொள்ளும், 4,000 என்பது தமிழுக்கு 1,333 குறிகள் ஆகிவிடும். லாங் என்ற பழைய வகை வேண்டவே வேண்டாம்.

*எஸ்க்யூலைட்.* டெக்ஸ்ட். வார்கேர் 50 என்று எழுதினாலும் அது அந்த எண்ணை மதிக்காது, 50,000 எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். எல்லை வேண்டுமென்றால் செக் நிபந்தனைதான் வழி.

படி 5: உரை எங்கே உட்காருகிறது

டேட்டாபேஸ்கள் தரவைப் பக்கம் பக்கமாக வைக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் ஒரு பக்கம் 16 கேபி, போஸ்ட்கிரெஸில் 8 கேபி. நீளமான உரை பக்கத்துக்குள் அடங்காதபோது வேறிடத்துக்குப் போகும், பதிவில் ஒரு சுட்டி மட்டும் நிற்கும். இன்னோடிபியின் டைனமிக் வடிவத்தில் அந்தச் சுட்டி 20 பைட். போஸ்ட்கிரெஸில் பதிவு சுமார் 2 கேபியைத் தாண்டினால் முதலில் சுருக்கிப் பார்க்கும், அப்படியும் அடங்காவிட்டால் டோஸ்ட் என்ற துணை டேபிளில் துண்டுகளாக வைக்கும். 14ஆம் பதிப்பிலிருந்து இந்தச் சுருக்கத்துக்கு எல்இசட்4 முறையையும் தேர்ந்தெடுக்கலாம், வேகமானது.

இதிலிருந்து கொஞ்சம் எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது. டேபிளை மெதுவாக்குவது பெரும்பாலும் மிக நீளமான உரை அல்ல, நடுத்தர உரைதான். 100 கேபி உரை வெளியே போய்விடும். பட்டியலுக்காகத் தலைப்பையும் தேதியையும் மட்டும் படிக்கும் வினவல் அதைத் தொடவே தொடாது. 1,500 பைட் உரை பக்கத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அதனால் போஸ்ட்கிரெஸின் ஒரு பக்கத்தில் நாலைந்து பதிவுகள்தான் இருக்கும், பட்டியலைப் படிக்க நிறையப் பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட டேபிளில் உரையைத் தனி டேபிளுக்கு, அதே அடையாள எண்ணோடு, மாற்றுவது பலன் தரும்.

வெளியே போன உரையும் நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசைகளையும் கேட்டால் திரும்ப வந்துதான் ஆகும். ஓஆர்எம் (நிரலுக்காக வினவலைத் தானே எழுதித்தரும் கருவி) பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்காமலே செய்துகொண்டிருப்பார்கள். பட்டியல் பக்கத்தில் 50 தலைப்புகளைக் காட்ட 50 முழுக் கட்டுரைகளை இழுத்துவரும். உங்கள் ஓஆர்எம்மில் ஒரு புலத்தைத் தள்ளிப்போடும் வசதி இருக்கும், அதை நீளமான உரைக்குப் போட்டுவிடுங்கள்.

தனி டேபிளுக்கு மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு காரணமும் உண்டு. வேறொரு சர்வருக்கு நகல் அனுப்பும் ரெப்ளிகேஷனுக்கான மாற்றப் பதிவேடான பின்லாக், இயல்பான அமைப்பில், ஒரு பதிவில் எது மாறினாலும் முழுப் பதிவையும் பழையது புதியது என இருமுறை எழுதும். கட்டுரைப் பதிவிலேயே பார்வை எண்ணிக்கையும் இருந்தால், ஒவ்வொரு பார்வைக்கும் முழுக் கட்டுரையும் இருமுறை பின்லாக்கில் விழும். மாறாத பெரிய உரையை எழுதாமல் விட ஓர் அமைப்பு இருக்கிறது, 'நோபிளாப்' என்று பெயர். ஆனால் எண்ணிக்கையை வேறு டேபிளுக்குக் கொண்டுபோவதே சுத்தம்.

படி 6: தேடலும் இண்டெக்ஸும்

நீளமான உரையின் மேல் சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி போன்ற பட்டியல்) போடாதீர்கள். போட்டாலும் எல்லை இடிக்கும். இன்னோடிபியில் 3,072 பைட். போஸ்ட்கிரெஸின் இயல்பான இண்டெக்ஸ் வகையான பி-ட்ரீயில் சுமார் 2,700 பைட். எஸ்க்யூஎல் சர்வரின் சாதாரண இண்டெக்ஸில் 1,700 பைட். போஸ்ட்கிரெஸில் இது விளையாட்டுக் காட்டும்: சிறிய உரைகள் இருக்கும்வரை இண்டெக்ஸ் ஒழுங்காக வேலை செய்யும், பெரிய உரை ஒன்று வந்ததும் அந்தப் பதிவைச் சேர்க்கவே முடியாது என்று பிழை வரும்.

என்ன தேட வேண்டும் என்பதைப் பிரித்துப் பாருங்கள். அதே உரை ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால், உரையின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உரையிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு) தனி நெடுவரிசையில் வைத்து அதன்மேல் இண்டெக்ஸ் போடுங்கள். 32 பைட்டில் முடிந்தது. தலைப்பின் தொடக்கத்தைத் தேடவேண்டுமென்றால் முதல் சில எழுத்துகளுக்கான இண்டெக்ஸ் போதும்.

உரைக்குள் சொற்களைத் தேட முழு உரை இண்டெக்ஸ் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபிக்கு 5.6 முதல் இது இருக்கிறது. ஆனால் அது சொல்லை வெளித்தோற்றத்தில் அப்படியே பார்க்கும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' என்ற சொல் கிடைக்காது. போஸ்ட்கிரெஸில் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கென்று சொல்வேர் காணும் அமைப்பே வந்திருக்கிறது. அது முழுமையானதல்ல, ஆனாலும் முயன்று பார்க்க வேண்டியது. அந்தத் தேடல் இண்டெக்ஸுக்கான டிஎஸ்வெக்டர் மதிப்பு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதால், முழுப் புத்தகத்தை ஒரே பதிவில் வைக்காமல் அத்தியாயமாகப் பிரிப்பது நல்லது.

படி 7: வழியில் இருக்கும் மற்ற எல்லைகள்

நெடுவரிசை 4 ஜிபி கொள்ளலாம். அங்கே போய்ச் சேர வேண்டுமே! வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கையை 413 என்ற பிழை எண்ணுடன் திருப்பி அனுப்பும். பிஎச்பி 8 எம்பியில் நிற்கும். மைஎஸ்க்யூஎல்லின் பாக்கெட் எல்லை (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவு) 8.0இல் 64 எம்பி, 5.7இல் 4 எம்பி. எவ்வளவு உயர்த்தினாலும் 1 ஜிபிதான். பல பதிவுகளை ஒட்டித்தரும் 'குரூப் கான்கேட்' 1,024 பைட்டில் வெட்டிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

பத்து இருபது எம்பியைத் தாண்டும் உரைகள் வழக்கமாக வருமென்றால், லாக் கோப்பு அல்லது ஸ்கேன் செய்து எடுத்த ஆவணக் குவியல் போன்றவை, அவற்றை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளுக்கான தனிச் சேமிப்பகம்) வைத்து, டேட்டாபேஸில் முகவரி, அளவு, எஸ்எச்ஏ-256 மூன்றையும் மட்டும் வையுங்கள். பேக்கப் சிறியதாகும். ஆனால் பதிவும் கோப்பும் ஒரே பரிவர்த்தனையில் சேராது என்ற விலை உண்டு. அதனால் கோப்பை முதலில் ஏற்றி, பிறகு பதிவைச் சேருங்கள். நடுவில் ஏதாவது தவறினால் அநாதைக் கோப்பு ஒன்று மிஞ்சும், பதிவு இருந்து கோப்பு இல்லாத நிலை வராது.

சோதனையை டேட்டாபேஸ் முனையத்தில் செய்து திருப்தி அடையாதீர்கள். செயலியின் முகப்பு வழியாக 21,845 'அ', அப்புறம் 21,846 'அ' அனுப்பிப் பாருங்கள். பிறகு நீங்கள் வைத்த அதிகபட்சம், அதற்கு மேல் ஒன்று. நடுவே ஈமோஜி ஒன்றையும் போடுங்கள். திரும்பப் படித்து, அனுப்பியதும் வந்ததும் ஒன்றா என்று ஹாஷ் ஒப்பிடுங்கள்.

படி 8: ஏற்கெனவே ஓடும் டேபிளை மாற்றுவது

போஸ்ட்கிரெஸில் வார்கேரை டெக்ஸ்ட் ஆக்குவது நொடியில் முடியும், டேபிள் மறுபடி எழுதப்படாது. மைஎஸ்க்யூஎல்லில் டெக்ஸ்டை மீடியம்டெக்ஸ்ட் ஆக்க முழு டேபிளும் நகலெடுக்கப்படும், அதுவரை எழுத முடியாது. பெரிய டேபிளாக இருந்தால் ஜிஎச்-ஓஎஸ்டி அல்லது பெர்கோனாவின் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆரக்கிளில் வார்கேர்2ஐ நேரடியாகக் கிளாப் ஆக்க முடியாது. புதிய நெடுவரிசை சேர்த்து, நகலெடுத்து, பழையதை நீக்கி, பெயர் மாற்ற வேண்டும்.

மாற்றும் முன் ஒரு வேலை. பழைய டெக்ஸ்ட் நெடுவரிசையில் 65,532 முதல் 65,535 பைட் வரை உள்ள பதிவுகளைப் பட்டியலிடுங்கள். ஓர் உரை தற்செயலாக அந்த அளவில் முடிவது அரிது. அநேகமாக எல்லாமே வால் நறுக்கப்பட்டவை. எல்லை துல்லியமாக 65,535 ஆக இல்லாமல் சற்றுக் கீழே தொடங்கக் காரணம், கடைசியில் ஒரு முழுக் குறி அடங்காவிட்டால் அது சேராது. நெடுவரிசையைப் பெரிதாக்கினாலும் போன வால் திரும்பாது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மூலக் கோப்போ, எழுதியவரிடம் உள்ள பிரதியோ, செயலியின் பழைய லாக்கோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடி மறுபடி ஏற்ற வேண்டும். பட்டியலை மாற்றத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்தால், புதிதாக வந்த உண்மையான நீள உரைகளும் அதில் கலந்துவிடும்.